முப்பத்திநாலாவது கேள்வி

உக்காருங்க டீச்சர், உக்காருங்க. இந்தச் சார்ட்டுச் சுருள மடியில வெச்சுக்கறேன், உங்களுக்கு எடம் பத்தும். பஸ்ஸுல கீழ வெச்சா எவனாச்சும் மிதிச்சுப்போடுவான். இன்னிக்கு நாமக்கல்லுல இதத்தான் மாட்டி வெச்சு நாலு மணி நேரம் பேசோணும். உங்க கையில இருக்கற லெட்டரப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சுங்க. வினாத்தாள் தயாரிப்புப் பயிற்சிதானுங்களே? அதுல கருத்தாளர்னு போட்டு ஒரு பேரு இருக்கும் பாருங்க. செங்கோட்டுவேல். அது நாந்தானுங்க.

எத்தன வருசமாச்சுங்க வேலைக்கு வந்து? ரெண்டா? ரெண்டு வருசத்துல என்ன தெரியும். கோவிச்சுக்காதீங்க. எனக்கு இருவத்தேழு வருசமுங்க. அறிவியல். பதினாறு வருசமா எங்க ஸ்கூல்ல தேர்வுப் பொறுப்பு. ஒரு கேள்வித்தாள் என் கையத் தாண்டாம கிளாசுக்குள்ள போனதில்லைங்க.

இப்ப நம்ம ஆளுக கேள்வித்தாள் எடுக்கற அழகு தெரியுமுங்களா? போன வருசத்துத் தாள எடுக்கறது, மேல இருக்கறதக் கீழ போடறது, கீழ இருக்கறத மேல போடறது, டீ குடிக்கப் போயிடறது. ஒருத்தரு இருந்தாரு எங்ககிட்ட. நாப்பது மார்க்கு ஒரே பாடத்துல இருந்து எடுத்துட்டாரு. ஏனுங்க சார்னா, அது எனக்குப் புடிச்ச பாடம்ங்கறாரு. இவருக்குப் புடிக்குதுன்னு பசங்க எழுதோணுமாக்கும்.

கேள்வித்தாள்ங்கறது கட்டடமுங்க. மொதல்ல ப்ளூ பிரிண்ட். இடது பக்கம் கீழ வாக்குல பாடம். மேல வரிசையில நோக்கம். அறிதல், புரிதல், பயன்படுத்தல், திறன். புள்ளைக்கு என்ன தெரியுது, என்ன புரிஞ்சுது, தெரிஞ்சத வச்சு வெளிய என்ன பண்ணும், படம் வரையுமா. அறிதலுக்கு முப்பது, புரிதலுக்கு முப்பத்தஞ்சு, பயன்படுத்தலுக்கு இருவது, திறனுக்குப் பதினஞ்சு. ஒவ்வொரு கட்டத்துலயும் இத்தன மார்க்குன்னு போட்டு வந்தா, குறுக்கால கூட்டினாலும் நூறு, நெடுக்கால கூட்டினாலும் நூறு. மூலையில அந்த நூறு வந்து உக்காரும் பாருங்க, எங்கூட்டுக்காரி சொல்லுவா, சாமி கும்பிடறப்பக்கூட உங்க மொகத்துல அந்தச் சிரிப்பு வாரதில்லைன்னு.

ஒரு ஓரவஞ்சன இருக்காதுங்க அதுல. படிச்சவன், படிக்காதவன், நம்மாளு, வேத்தாளு எதுவும் கட்டத்துக்குத் தெரியாது. அதனாலதானுங்க எனக்கு அதப் புடிக்கும்.

சன்னலச் சாத்தட்டுங்களா? வேண்டாமா, சரி.

இன்னிக்கு நான் காட்டப்போற சார்ட்டு போன வருசம் ஒம்பதாவது முழு ஆண்டுத் தேர்வுக்குப் போட்டது. மாவட்டத்துலயே நல்ல ப்ளூ பிரிண்ட்டுன்னு பாராட்டி லெட்டர் வந்துச்சு. ஆனா அதுக்குள்ள ஒரு சங்கட்டம். எல்லாம் போட்டு முடிச்சுக் கூட்டிப் பாக்கறேன், தொண்ணூத்தஞ்சு வருது. திருப்பிக் கூட்டறேன், தொண்ணூத்தஞ்சு. பாத்தா, வாயுக்கள் பாடத்துல பயன்படுத்தல் கட்டம் காலியாக் கெடக்குது. அஞ்சு மார்க்கு. அறிதல்ல இருந்து அஞ்சு தூக்கி அங்க போட்டா அறிதல் ஒடஞ்சுபோவும். புதுசாத்தான் ஒரு கேள்வி வேணும். அதும் பயன்படுத்தல் கேள்வின்னா புஸ்தகத்துல இருக்கப்படாது. புள்ள தெனம் பாக்கற ஒலகத்துல இருந்து எடுக்கோணும். எல்லாப் பயிற்சியிலயும் அதத்தான சொல்றாங்க?

ஸ்டாஃப் ரூமுல உக்காந்து யோசிக்கறேன், யோசிக்கறேன், ஒண்ணும் வல்ல. அப்படியே சன்னல் வழியாப் பாத்தேன். அங்க இருந்து பாத்தா ஹாஸ்டலுக்குப் பின்னாடி இருக்கற செப்டிக் டேங்க் தெரியும். மேல புதுக் கல்லு போட்டு, சுத்தியும் செவ்வரளி வெச்சு விட்டிருக்குது. அதப் பாத்ததும் சட்டுனு வந்துச்சு பாருங்க கேள்வி. ஒரு எழுத்து அடிக்காம எழுதினனுங்க.

‘பல நாள்கள் மூடிக் கிடந்த கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளி ஒருவர் மயங்கி விழுகிறார். அ. காரணம் என்ன? ஆ. அவரைக் காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் மயங்கி விழுவது ஏன்? இ. இவ்விபத்தைத் தவிர்த்திருக்கக்கூடிய வழிகள் இரண்டு எழுதுக.’ முப்பத்திநாலாவது கேள்வி. கட்டாய வினா. எப்புடிங்க? அ-வுக்கு ரெண்டு மார்க்கு. நச்சு வாயு பேரு ஒண்ணு, ஆக்சிஜன் கொறைவு ஒண்ணு. ஆ-வுக்கு ஒண்ணு. இ-க்கு ரெண்டு. அஞ்சு. மூலையில நூறு உக்காந்துருச்சு.

என்னத்துக்கு அப்படிப் பாக்கறீங்க? ஓ, டேங்க் ஏன் புதுக் கல்லுன்னா? அதுக்கு முந்தின மே மாசம் அங்க ஒரு சாவுங்க. ஸ்கூல் தெறக்கறதுக்கு முன்னால கிளீன் பண்ண ஒருத்தன் வந்தான். வீரான்னு பேரு. எறங்கினான், ஏறல. சட்டமெல்லாம் இருக்குதுங்க, ஆள எறக்கப்படாதுன்னு. மெசினு லாரிக்குச் சொல்லியிருந்தோம், அவன் மூணு நாளாகும்னுட்டான். மறாநாளு ஹாஸ்டல்ல கணபதி ஹோமம். நாத்தத்துல ஐயரு உக்காருவாருங்களா? இவங்களுக்கு அது பழக்கப்பட்ட வேலதானுங்க. பெரிசா யாரும் நெனைக்கல. கால் வழுக்கி விழுந்துட்டான்னு எழுதி, அதோட முடிஞ்சுது.

எங்க தாளாளர் நல்ல மனுசனுங்க. அவனுக்கு ஒரே புள்ள, சங்கவி. கவர்மென்ட் ஸ்கூல்ல எட்டாவது முடிச்சிருந்துச்சு. பிளஸ் டூ வரைக்கும் எங்க ஸ்கூல்ல இலவசமாப் படிக்கட்டும்னுட்டாரு. அதுக்கு அவங்கம்மா பாப்பாத்தி ஒரு காயிதத்துல கைநாட்டு வெச்சுக் குடுத்துச்சு. இனி கேஸு, கம்ப்ளெய்ன்டுன்னு எதுக்கும் வரமாட்டேன்னு. அந்தக் காயிதத்துல ஒரு வரி நாஞ்சொல்லிச் சேத்ததுங்க. ஒவ்வொரு பாடத்துலயும் முழு ஆண்டுல அறுபது எடுக்கோணும். எடுக்கலீன்னா சீட்டு இல்ல. எதுக்குன்னா, சும்மா வாரது மேல யாருக்கும் மருவாதி இருக்காதுங்க. புள்ள நல்லாப் படிக்கட்டும்னுதான் போட்டேன்.

படிச்சுதுங்க, இல்லீங்கல. வாய் பேசாது. கடைசி பெஞ்சுல உக்காந்து எழுதிட்டே இருக்கும். இங்கிலீஸ்ல அறுவத்தொண்ணு, கணக்குல அறுவத்துநாலு, அப்படித் தட்டுத்தடுமாறித் தாண்டிட்டு வந்துச்சு. அறிவியல் பரிச்சை அன்னிக்கு நான் ரவுண்ட்ஸ் போறேன். இந்தப் புள்ள கையத் தூக்குது. பேப்பர் கேக்குதாட்டம்னு போனா, கேள்வித்தாள்ல வெரல வெச்சுக் காட்டி மெதுவாக் கேக்குது. “சார், இதுக்கு சாய்ஸ் இருக்குதுங்களா? வேற கேள்வி எழுதட்டுங்களா?”

நீங்களே சொல்லுங்க. அதுக்கு சாய்ஸ் குடுத்தா என்னாகும்? பாதிப் புள்ளைக வேற கேள்விக்குப் போயிருவாங்க. பயன்படுத்தல் இருவதுல அஞ்சு ஆடிப்போவும். “கட்டாய வினா கண்ணு, எல்லாரும் எழுதோணும்”னேன். அன்பாத்தான் சொன்னனுங்க. தலையில தட்டிக்கூடக் குடுத்தேன். அப்பறம் எழுத ஆரம்பிச்சுது. மணியடிச்சும் எழுதிட்டு இருந்துச்சு, புடுங்கித்தான் வாங்க வேண்டியதாப் போச்சு.

நெனப்பு இல்லாமயா? இருந்துச்சுங்க. கேள்வி எழுதறப்பவே அந்தப் புள்ள ஞாபகம் ஒருக்கா வந்துச்சு. ஆனா பாருங்க, கேள்வியில பேரு போட்டனா? ஊரு போட்டனா? ‘தொழிலாளி ஒருவர்’. பொதுவா வெச்சது. இன்னுஞ்சொல்லப்போனா அந்தக் கிளாசுல அந்தக் கேள்விக்கு விடை நல்லாத் தெரிஞ்சிருக்க வேண்டியது அந்தப் புள்ளைக்குத்தான். நாம அனுகூலந்தான் பண்ணியிருக்கறம்னுகூட நெனச்சேன்.

பேப்பர் திருத்தறது எப்பவும் நாந்தான். என் பழக்கம் என்னன்னா, பெரிய கேள்வி ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மார்க்கப் போட்டு, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுருவேன். படிக்காம மார்க்குப் போட்டான் செங்கோட்டுவேல்னு ஒருத்தன் சொல்லப்படாது. அந்தப் புள்ளைக்கு முப்பத்திமூணு வரைக்கும் அம்பத்தாறு வந்துருச்சு. கடைசிக் கேள்வியில நாலு வந்தா அறுபது. நானும் மனுசந்தானுங்க, வந்துரட்டும்னுதான் பக்கத்தத் திருப்பினேன்.

அந்தப் பேப்பரு இங்கயே இருக்குது. பயிற்சியில காட்டறதுக்குன்னு எடுத்து வெச்சேன். மத்ததெல்லாம் எடைக்குப் போயிருச்சு. உணர்ச்சிக்கு எடங் குடுக்காம எப்படித் திருத்தறதுங்கறதுக்கு இதுக்கு மிஞ்சின உதாரணம் கெடைக்காதுங்க. இருங்க, படிக்கறேன். கையெழுத்து குண்டுகுண்டா நல்லாத்தான் இருக்கும்.

‘அ. தொட்டியை அன்றைக்குத்தான் திறந்தார்கள். எங்கப்பா, இன்றைக்குத் திறந்து வையுங்கள், நாளைக்கு இறங்குகிறேன் என்று சொன்னார். ஐந்து நிமிட வேலைதான், நாளைக்கு ஹோமம் என்று சார் சொன்னார். அதுதான் காரணம்.’

பாத்தீங்களா? வாயு பேரு எங்க? ஹைட்ரஜன் சல்பைடுன்னு ஒரே ஒரு வார்த்தை. இல்ல. ஆக்சிஜன் கொறைவு? இல்ல. பூஜ்யம்.

‘ஆ. எங்கப்பாவைக் காப்பாற்ற யாரும் இறங்கவில்லை. அதனால் இரண்டாவது ஆள் மயங்கி விழவில்லை.’

கேள்வி என்ன? ஏன் மயங்கறாங்க. இது என்ன எழுதுது? மயங்கவே இல்லைங்குது. கேள்வியவே தப்புங்குதுங்க! பூஜ்யம்.

‘இ. 1. தொட்டியை ஒரு நாள் முன்பே திறந்து வைத்திருக்க வேண்டும். 2. இடுப்பில் கயிறு கட்டி மேலே ஆட்கள் நின்றிருக்க வேண்டும். எங்கப்பா கயிறு கேட்டார். கயிறு ஸ்டோரில் இருக்கிறது, சாவி இல்லை என்று சார் சொன்னார். எங்கம்மா வாளியோடு அங்கேதான் நின்றது. எங்கம்மா சேலையை அவிழ்த்துத் தொட்டிக்குள் விட்டது. அது எட்டவில்லை.’

இதுல ஒண்ணும் ரெண்டும் சரி. அதுக்கு ரெண்டு மார்க்குப் போட்டேன். அதுக்கு மேல எழுதினது பூராவும் கேள்விக்குச் சம்பந்தமில்ல. செவப்பு மையில அடிச்சு ‘பொருந்தாத விடை’ன்னு எழுதியிருக்கறேன் பாருங்க. அம்பத்தெட்டு.

சார்னா எந்தச் சாரா? நாந்தானுங்க. ஹாஸ்டல் பாத்துக்கற வேலையும் அப்ப எங்கிட்டத்தான இருந்துச்சு. நாந்தான் நின்னு வேல வாங்கினேன். சாவி… அது என் சட்டப் பாக்கெட்டுலயே இருந்துருக்குதுங்க. பொழுதோட ஊட்டுக்குப் போயிச் சட்டையக் கழட்டறப்பத்தான் தெரிஞ்சுது. ஹோம வேல தலைக்கு மேல, மறந்துட்டேன். யாருக்கும் வாரதுதானுங்களே மறதி?

என் மேல எழுதியிருக்குதுன்னு நான் மார்க்கக் கொறைக்கல டீச்சர். அத மட்டும் நெனச்சுராதீங்க. என்னத் திட்டி எழுதியிருந்தாலும் ஆன்சர் கீயில இருந்தா மார்க்குப் போட்டிருப்பேன். கீயில இல்ல. அவ்வளவுதான்.

அதுக்கே என்ன பாடு படுத்திட்டாங்கங்கறீங்க. அந்தக் கிளாசு டீச்சர் பொற்கொடின்னு ஒரு புள்ள, உங்க வயசுதான் இருக்கும். பேப்பரத் தூக்கிட்டு வந்து நிக்குது. “சார், ரெண்டு மார்க்குங்க சார். காரணம் கேட்டிருக்கறீங்க, அவளுக்குத் தெரிஞ்ச காரணத்த எழுதியிருக்கறா”ங்குது. “அது கற்றல் நோக்கத்துல வருதாம்மா?”ன்னு கேட்டேன். “சார், உங்களுக்கு மனசே இல்லீங்களா?”ன்னு கேட்டுட்டு அழுவுது. மனசுக்குக் கட்டம் எங்கம்மா இருக்குது, காட்டுன்னேன். இந்த வருசம் அந்தப் புள்ளைய வேலைக்கு எடுக்கல. அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல, தாளாளர் கேட்டாரு, நான் என் அபிப்பிராயத்தச் சொன்னேன்.

ரிசல்ட் அன்னிக்கு ஆத்தாளும் புள்ளையும் வந்தாங்க. பாப்பாத்தி வெளிய செருப்பு விடற எடத்துலயே நின்னுக்கிச்சு. புள்ள மட்டும் உள்ள வந்து, “சார், எனக்கு எங்க கொறஞ்சுதுங்க?”ன்னு கேட்டுச்சு. வேற வாத்தியாரா இருந்தா வெரட்டி விட்டிருப்பான். நான் உக்கார வெச்சுக் கீய எடுத்துக் காட்டி, இன்ன வாயு, இன்ன காரணம்னு அரை மணி நேரம் சொல்லிக் குடுத்தேன். எங்க ஸ்கூல்ல ஒரு வழக்கம் உண்டுங்க. தப்பா எழுதின விடையச் சரியா மூணு தரம் எழுதிக் காட்டிட்டுத்தான் போவோணும். டிசி வாங்கற புள்ளைக்கும் அதேதான். எனக்கு எல்லாரும் ஒண்ணு.

எழுதுச்சுங்க. அங்கயே என் மேசைக்கு முன்னாடி நின்னுக்கிட்டு. ‘தொழிலாளி மயங்கி விழக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு.’ மூணு தரம். அழுவும்னு பாத்தேன், அழுவல. ஒரு எழுத்துப் பெசகல. நோட்டத் திருப்பிக் குடுத்தேன். “இத இத்தன நல்லாப் பரிச்சையில எழுதியிருந்தா அஞ்சும் வந்திருக்குமே கண்ணு”ன்னேன். “சாவி கெடச்சுதுங்களா சார்?”னு கேட்டுச்சு. அவ்வளவுதான், டிசிய வாங்கிட்டுப் போயிருச்சு.

அத எதுக்குக் கேட்டுச்சுன்னு இன்னும் எனக்கு வெளங்கல. ஸ்டோர் சாவி அதுக்கு என்னத்துக்கு? சில சமயம் பூஜைக்கு உக்காந்தாக்கூட அந்த நெனப்பு வருது. பித்தம்னு கசாயம் வெச்சுக் குடிக்கறேன்.

இப்ப எங்க இருக்குதா? இந்த ரோட்டுலயே வரும் பாருங்க ஒரு நூல் மில்லு. ஆத்தா அங்க கூட்டற வேல. புள்ளையும் அங்கதான் போவுதுன்னு கேள்வி. பதினஞ்சு வயசுல போகப்படாதுதான். ஆரு கேக்கறாங்க இந்தக் காலத்துல? சட்டத்த மதிக்கறதில்லைங்க யாரும்.

சரி, அத விடுங்க. இந்தாங்க, பேப்பரக் கையில புடிச்சு நீங்களே பாருங்க. நீங்க இன்னிக்குக் கத்துக்கப் போறது இதுதான். இங்க பாருங்க, பொருந்தாத விடை. ரெண்டு. கீழ என் கையெழுத்து, தேதி. இப்ப நீங்க ஒரு பொதுவான ஆளு, என்னையும் தெரியாது, அந்தப் புள்ளையயும் தெரியாது. கீய மனசுல வெச்சுப் படிச்சு ஒரு மார்க்குச் சொல்லுங்க. அஞ்சுக்கு எத்தன? ரெண்டுதான வரும்?

சொல்லுங்க டீச்சர்.

ஏனுங்க, மடிச்சுப் பையில வெக்கறீங்க? அங்க போய்ப் படிச்சுக்கறீங்களா? மடிக்காதீங்க, ப்ரொஜெக்டர்ல வெச்சுக் காட்டறப்ப மடிப்புத் தெரியும். ஜெராக்ஸ் வேணும்னா நாமக்கல்லுல எடுத்துத் தாரேன். இருங்க, எங்க எந்திரிக்கறீங்க? இது மில்லு ஸ்டாப்பிங்குங்க. நாமக்கல்லுக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது. டீச்சர்! கூட்டத்துல காதுல உழுகலயாட்டம்.

ஏனுங்க, சித்த வழி விடுங்க. இந்தச் சார்ட்ட ஆராச்சும் புடிங்க, மிதிக்காதீங்க! கண்டக்டர், வண்டிய நிறுத்துங்க, அந்தப் பச்சச் சேலைய நிக்கச் சொல்லுங்க. எறங்கி மில்லு கேட்டுக்குப் போறாங்க பாருங்க. என்ன போச்சுன்னா? பணமில்லைங்க, பேப்பரு! ஒரே ஒரு பரிச்சைப் பேப்பரு! சிரிக்காதீங்க, விசிலடிங்க! டீச்சர்! டீச்சர்! அத ஆருகிட்டயும் குடுத்துராதீங்க டீச்சர், அதுல என் கையெழுத்து இருக்குதுங்க!